கரியைத் தொடாத இரும்பு

சாகனே ஆற்றோரம் சான்த்-எர்மின் என்ற ஊரில் மார்லேன் மால்தேயைப் பற்றிக் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். அவளோடு பெண்கள் ஹாக்கி ஆடியவர்கள், நாற்பத்தொன்பது வயதிலும் முழங்கையை எங்கே வைக்கக்கூடாதோ அங்கேதான் வைப்பாள் என்பார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் மீன்பிடிக் குடிசை போடுகிறவர்கள், அவள் குடிசை வருஷா வருஷம் கோணலாகவே நிற்கிறது, ஆனாலும் மீன் அவளுக்குத்தான் மாட்டுகிறது என்று வயிறெரிவார்கள். உருக்காலைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் இழுத்து, "மாடியில உக்காந்து தொட்டிக்கு ஜோசியம் சொல்றவ" என்பார்கள்.

ஜோசியம் என்பது அநியாயம். இருபத்தாறு வருஷமாக அவள் செய்வது கணக்கு. ஆலையில் அலுமினியம் உருகும் தொட்டிகள் இருநூற்று நாற்பது, இரண்டு நீள வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பேருந்து அளவு. அடியில் கரிக்கட்டிகள் அடுக்கியிருக்கும். கரிக்கட்டியின் வயிற்றில் ஒரு பள்ளம், அதில் நீளமான இரும்புச் சட்டம், இரண்டுக்கும் நடுவே உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு. அதன் வழியாகத்தான் மின்சாரம் வெளியேறும். சாதாரண மின்சாரமில்லை. அந்தக் கூடத்தில் நடந்தால் சட்டைப்பையில் உள்ள சாவிக்கொத்தை யாரோ ஒருபக்கம் பிடித்து இழுப்பது தெரியும். காந்தத்தில் நின்றுபோகும் என்று தெரியாமல் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் என்று அர்த்தம்.

மின்சாரம் ஓடினால் சூடு. சூடேறினால் இரும்பும் கரியும் பருக்கும். பருத்தால் ஒன்றையொன்று நெருக்கும். நெருக்கம் கூடினால் மின்சாரம் சுலபமாகக் கடக்கும். சுலபமாகக் கடந்தால் சூடு மாறும். சூடு மாறினால் மறுபடி முதலிலிருந்து. இந்த வட்டத்தில் எங்கே நுழைந்தாலும் மற்றவை எல்லாம் கூடவே அசையும். அதனால்தான் மார்லேன் ஒரு தொட்டியைக் கணினிக்குள் பத்து லட்சம் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சூடு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று பக்கத்துத் துண்டோடு ஒத்துப்போகும்வரை மென்பொருளைக் கணக்குப் போட வைப்பாள். ஒத்துப்போனால் அது மாடல். ஒத்துப்போகாவிட்டால் மார்லேன் கெட்ட வார்த்தை பேசுவாள். சாகனேக்காரர்களின் கெட்ட வார்த்தைகள் எல்லாம் மாதா கோயில் சாமான்களின் பெயர்கள். மாடியில் அவள் அறையைக் கடந்து போகிறவர்கள், உள்ளே பூசை நடக்கிறது என்பார்கள்.

அந்த வருஷம் மூன்று தொட்டிகள் செத்துப்போயின. ஏழு வருஷம் உழைக்க வேண்டியவை நாலு வருஷத்திலேயே அடி ஓட்டையாகி உலோகம் ஒழுகிவிட்டது. வடிவமைப்பில் கோளாறா, கட்டியவர்கள் வேலையில் கோளாறா என்று இயக்குநர் ஃபாபியன் துஃபூர் மார்லேனைக் கேட்டார். அவள் மாடலை ஓட்டினாள். ஏழரை வருஷம் தாங்கும் என்றது. அவளும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள்: வடிவமைப்பில் குறை இல்லை, கட்டிய விதத்தைச் சோதிக்கவும். நேர்மையாகத்தான் எழுதினாள். நேர்மையாக எழுதியதெல்லாம் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது?

தொட்டிகளின் அடியைக் கட்டுவது பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு குழு. அதன் மேஸ்திரி ரொஸேர் ஃபில்யோன், மார்லேனின் அக்கா கொலேத்தின் கணவர். மூன்று வருஷத்துக்கு முன் தெற்கேயிருந்து வந்த ஒரு வெளி நிறுவனம் சோதனையாகப் பன்னிரண்டு தொட்டிகளைக் கட்டிக்கொடுத்தது. அவற்றில் ஒன்றுகூட இன்னும் சாகவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் கட்டுமான வேலை மொத்தத்தையும் அந்த நிறுவனத்துக்கே கொடுத்து, ரொஸேரின் குழுவைக் கலைத்துவிடுவது என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் மார்லேனின் இரண்டு வரி.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். மேசையில் ஆலைப் பேச்சு எடுக்கக்கூடாது என்பது கொலேத்தின் சட்டம். அன்று சட்டம் சூப்போடு முடிந்துபோயிற்று.

"ரொஸேர், அவ தட்டுல இன்னொரு துண்டு வைங்க" என்றாள் கொலேத், இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தை அறுத்தபடி.

"அவளுக்கு எதுக்கு? அவ எழுதின பேப்பர்லயே எங்க பதினெட்டுப் பேரையும் முழுங்கிட்டா."

"மச்சான், சுத்தி வளைக்காம நேரா பேசுங்க" என்றாள் மார்லேன்.

"நேரா பேச என்ன இருக்கு கொழுந்தியா? எங்களுக்கு வேல தெரியலன்னு உன் கம்ப்யூட்டரு சொல்லிடுச்சு."

"நான் அப்படி எழுதல."

"நீ எழுதினது ரெண்டு வரி. நடுவுல இருந்த வரிய நாங்களே படிச்சுக்கிட்டோம்."

கொலேத் கத்தியைக் கீழே வைத்தாள். ரொஸேர் குரலை இறக்கினார். "செவ்வாக்கிழமை மூணாவது தொட்டிய ஒடச்சுத் தோண்டறோம். வந்து பாரு. செத்த தொட்டிய நேர்ல பாத்து எத்தன வருஷமாச்சு உனக்கு?"

மார்லேன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது வருஷம். சொல்ல வெட்கமாக இருந்ததால், "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாயன்று வெளியே மைனஸ் இருபத்தெட்டு. உடைக்கும் கொட்டகையில் அதைவிட ஒரு ஸ்வெட்டர் அளவு மேல். இயந்திரச் சம்மட்டி உறைந்த உலோகத்தைப் பெயர்த்துக் கரியை வெளியே காட்டியது. குழு முழுக்கச் சுற்றி நின்றது. ஒருவர் மட்டும் கதவோரமாக ஒதுங்கி நின்றார். அவர் லுஸியேன், அறுபத்தொரு வயது. கரிக்கட்டிகளுக்கு இடையே உள்ள இடுக்குகளில் கரிப்பசையை இடித்து அடைப்பது முப்பது வருஷமாக அவர் கை. அந்த மூன்று தொட்டிகளும் அவர் இடித்தவை. ஒழுகியது இடுக்கு வழியாகத்தான் என்று மாடியில் பேச்சு.

"அவரு ஏன் அங்கயே நிக்கறாரு?" என்றாள் மார்லேன்.

"பயம்" என்றார் ரொஸேர். "நீ இறங்கிப் பாரு."

இறங்கினாள். முதலில் இடுக்குகளைப் பார்த்தாள். பசை இறுகி, கரியோடு ஒன்றாகி, உளி வைத்தாலும் பெயராமல் இருந்தது. ஓட்டை இடுக்கில் இல்லை. கரிக்கட்டியின் உடம்பிலேயே கிண்ணம் போலக் குடைந்திருந்தது. ஆனால் அவளை உறுத்தியது வேறொன்று. அவள் மாடலில் தேய்மானம் பக்கச் சுவரை ஒட்டி வரும். இந்தக் குழியோ சுவரிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளி இருந்தது.

"மச்சான், கட்டியப் பொளந்து சட்டத்த வெளிய எடுக்க முடியுமா?"

எடுத்துக் காட்டினார்கள். நடுப்பகுதியில் வார்ப்பிரும்பு கரியைக் கவ்விய தடம் கன்னங்கரேலென்று பதிந்திருந்தது. முனைகளில் அந்தத் தடமே இல்லை. பள்ளத்தின் சுவர் நேற்று அறுத்தது மாதிரி வழவழவென்று இருந்தது. அந்த இடத்தில் இரும்பு கரியை ஒருநாளும் நெருக்கித் தொட்டதே இல்லை.

மார்லேன் கையுறையைக் கழற்றி அந்த வழவழப்பைத் தடவினாள். அந்தக் குளிரில் அது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமில்லை. விரல் ஒட்டிக்கொண்டது. ரொஸேர் தெர்மாஸிலிருந்து காபியை ஊற்றி விரலை விடுவித்தார்.

மாடிக்குப் போனதும் மாடலின் கோப்பைத் திறந்தாள். இரும்புக்கும் கரிக்கும் நடுவே மின்சாரம் கடக்கும் சிரமத்தை எந்த வரி சொல்கிறது என்று தேடினாள். முனையில் சூடு குறைவு, அதனால் நெருக்கம் குறைவு, அதனால் சிரமம் அதிகம் என்று அந்த வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நடுவானாலும் முனையானாலும் ஒரே எண். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். கணக்கு முடிய மாட்டேனென்கிறது. பிறகு சரிசெய்ய வேண்டும். மா. மா.' தேதி பதினாலு வருஷத்துக்கு முந்தியது.

அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. முழு வட்டத்தையும் சேர்த்து ஓட்டினால் மென்பொருள் தள்ளாடி விழுந்துகொண்டேயிருந்தது. சரி, இப்போதைக்கு வட்டத்தை ஓரிடத்தில் வெட்டிவிடலாம் என்று அந்த எண்ணை வைத்தாள். எந்த எண்? தொட்டியில் அளந்த மின்னழுத்தத்தோடு பொருந்தும்வரை அழகாகத் திருகித் திருகி வைத்த எண். மூன்றாம் தசமம்வரை பொருந்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். பொருந்திவிட்டால் பிறகு யார் கேள்வி கேட்பார்கள்? இந்தத் தொழில்காரர்கள் விழும் பள்ளம் இதுதான். பொருந்த வைத்த எண்ணை, புரிந்துகொண்ட எண் என்று நினைத்துவிடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் ஆலை மின்சாரத்தைக் கூட்டியது. எண் மட்டும் அப்படியே இருந்தது. கூட்டிய பிறகு கட்டிய தொட்டிகள்தான் முதலில் செத்தன.

அன்று மாடியில் பூசைச் சத்தம் கேட்கவில்லை. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போய் ரொஸேரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

"இப்ப என்ன வேணும் உனக்கு?" என்றார் அவர்.

"எவ்வளவு அழுத்தினா எவ்வளவு மின்சாரம் கடக்குதுன்னு தெரியணும். அதுக்குக் கரியும் இரும்பும் ஒட்டினாப்ல சின்னத் துண்டு வேணும். கைக்குட்டை அளவு போதும்."

"முப்பது அடித் தொட்டிக்குக் கைக்குட்டை அளவுத் துண்டா?"

"மச்சான், அந்தத் தொட்டி சாகறதும் பிழைக்கறதும் முடி கனத்துக்கு இருக்கற இடைவெளிலதான் இருக்கு. அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

ரொஸேர் தன் கையாலேயே எட்டுத் துண்டு அறுத்துக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் அவற்றைச் சூடாக்கி, அழுத்தி, மின்சாரம் விட்டு அளந்தார்கள். அந்த அளவை அவள் மாடலில் கட்டிக்குள் வைத்தாள், கட்டியைத் தொட்டிக்குள் வைத்தாள், வெட்டிய வட்டத்தை மறுபடி சேர்த்தாள். மென்பொருள் பதினாலு வருஷத்துக்கு முன் விழுந்த அதே இடத்தில் விழுந்தது.

ஐந்து நாள் அப்படிப் போயிற்று. விடை நெருங்குகிறதா என்று காட்டும் கோடு திரையில் இறங்கிக்கொண்டே வர வேண்டும். அது இறங்கும், நம்பிக்கை காட்டும், பிறகு விருட்டென்று கூரைக்கு ஏறும். சூட்டுக் கணக்கு புது விடையை மின்சாரக் கணக்கிடம் கொடுக்கும். அது மிரண்டுபோய் அதைவிடப் பெரிய மாற்றத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஞாயிறன்று கொலேத் அவரைக்கொட்டை சூப்புக்கு உப்புப் போடுவதை மார்லேன் பார்த்துக்கொண்டிருந்தாள். கொலேத் பாதி போடுவாள், ருசி பார்ப்பாள், இன்னும் பாதி போடுவாள். இது எல்லோருக்கும் தெரிந்த சமையல்தான். மென்பொருள்காரர்களுக்கும் தெரிந்த உத்திதான். இருபத்தாறு வருஷ அனுபவக்காரிக்கு அதை அவசரத்தில் முழுசாகப் போடத்தான் தோன்றியது.

திங்களன்று மின்சாரத்தைக் கால்வாசியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றிலும் மாற்றத்தில் பாதியை மட்டும் கொடுத்தாள். கோடு இறங்கியது. மதியம்வரை இறங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது தரையைத் தொட்டு நின்றிருந்தது. திரையில் தொட்டியின் அடிப்பாகம் விரிந்தது. மின்சாரம் குவிந்து கரியை அரிக்கும் இடம், பக்கச் சுவரிலிருந்து அறுபது சென்டிமீட்டர் உள்ளே. ஒழுகிய தொட்டியில் அவள் பார்த்த அதே இடம். ஆயுள் நாலு வருஷம், இரண்டு மாதம்.

சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் அனுபவிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துஃபூரின் அறைக்குப் போனாள்.

"உன் ரிப்போர்ட்ட நம்பித்தான் நான் மேலிடத்துக்கு எழுதினேன், மார்லேன்" என்றார் துஃபூர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒருமுறை எழுதியதைத் திரும்ப எழுதுவது அவருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி.

"தெரியும். தப்பான ரிப்போர்ட்ட நம்பினீங்க."

"பழைய மாடலும் பொருந்துச்சு. இதுவும் பொருந்துது. நாளைக்கு மூணாவதா ஒண்ணு கொண்டுவந்து அதுவும் பொருந்துதும்பே. நான் எத நம்பறது?"

நியாயமான கேள்வி. அதற்கு அவள் பதிலோடுதான் வந்திருந்தாள். "எதையும் நம்ப வேணாம். வெளி நிறுவனம் கட்டின தொட்டிய எடுத்துக்குங்க, நூத்துப் பதினெட்டு. மூணு வருஷம் ஆகுது. யாரும் கொற சொல்லல. சுவத்துலேர்ந்து அறுபது சென்டிமீட்டர்ல பதினொரு சென்டிமீட்டர் குழி இருக்கும். சுவத்தோரமா ஒண்ணும் இருக்காது. கம்பி விட்டு அளந்து பாருங்க. இல்லேன்னா என்னை ஆத்துல மீன் பிடிக்க அனுப்பிடுங்க."

"குழி இருந்தா?"

"இருந்தா, யார் கட்டினாலும் சாகும்னு அர்த்தம். தப்பு கட்டினவங்க கைல இல்ல."

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நூற்றுப் பதினெட்டின் முன் நின்றார்கள். கம்பியை நீ பிடிக்கிறாயா என்று துஃபூர் ரொஸேரைக் கேட்டார். "வேணாம் சாமி, நான் புடிச்சா நான்தான் குழி தோண்டினேன்னு எழுதுவீங்க" என்றார் அவர். தொட்டிக் கூடத்தில் வேலை செய்யும் ஜினெத் என்ற பெண், நுனி வளைந்த நீளக் கம்பியை வாங்கிக்கொண்டாள். மேலே உறைந்திருந்த பொருக்கைக் குத்தி உடைத்தார்கள். வெப்பம் முகத்தில் அறைந்தது.

ஜினெத் கம்பியைச் சுவரோரமாக இறக்கி, தரையைத் தடவிக்கொண்டே மெல்ல உள்ளே தள்ளினாள். "சமமாத்தான் இருக்கு" என்றாள். இருபது சென்டிமீட்டர். "சமம்." நாற்பது. "சமம்தான்." மார்லேன் ஜினெத்தின் மணிக்கட்டையே பார்த்தாள். குழி இல்லையென்றால் தன் வேலை போவது பெரிதில்லை, பதினெட்டுப் பேர் பெயரில் தான் பூசிய கறை என்றைக்கும் போகாது என்று நினைத்தாள். ஐம்பது. ஐம்பத்தைந்து. கம்பி ஜினெத்தின் கையிலிருந்து கொஞ்சம் நழுவிக் கீழே போயிற்று. அவள் நிதானமாக அதைத் தூக்கி, மறுபடி இறக்கிப் பார்த்தாள்.

"இங்க எறங்குது" என்றாள். துஃபூர் அளவைக் குனிந்து படித்தார். அறுபத்து மூன்றில் பத்தரை. அவர் நிமிர்ந்து மார்லேனைப் பார்த்தார், பிறகு ரொஸேரைப் பார்த்தார். பக்கத்து இரண்டு தொட்டிகளையும் அளக்கச் சொன்னார். அவையும் வெளி நிறுவனம் கட்டியவை. இரண்டிலும் குழி இருந்தது.

கூடத்தை விட்டு வெளியே வந்ததும் துஃபூர், "வேலைய வெளிய கொடுக்கற பேச்சு இதோட முடிஞ்சுது. திருத்தின அறிக்கைன்னு ஒண்ணு அனுப்பிடலாம். யார் பேரும் அதுல வேணாம்" என்றார். அவளுக்கு அது உபகாரம் என்றுதான் நினைத்தார்.

ரொஸேர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "பேப்பர் இருக்கட்டும் ஐயா. எங்க பசங்களுக்குக் கெட்ட பேரு பேப்பர்ல வரல, வாயில வந்துச்சு."

அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் குழுவின் சாப்பாட்டு அறைக்குப் போனாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. பதினெட்டுப் பேரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழி மாறி வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள்.

"தொட்டிங்க செத்ததுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு" என்றாள் மார்லேன். "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு எண்ண வெச்சேன். சும்மா இப்போதைக்குன்னு வெச்சேன். அப்புறம் திரும்பிப் பாக்கல. அந்த எண்ண வெச்சுத்தான் உங்க வேலையில கோளாறுன்னு எழுதினேன். வெளி ஆளுங்க கட்டின தொட்டியிலயும் அதே குழி இருக்கு. இன்னிக்கு அளந்தோம்."

மூலையில் சூப் குடித்துக்கொண்டிருந்த லுஸியேன் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார்.

"அப்ப அந்த மூணும்?"

"உங்க கை இல்ல, லுஸியேன். நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். "ஏழு மாசமா ஒவ்வொரு இடுக்கையும் ரெண்டு தடவ இடிக்கறேன்" என்றார். "ரெண்டாவது தடவ இடிக்கறப்போ, மொதல் தடவையே சரியாத்தான் இருக்கும். பாத்தா தெரியும். ஆனா எனக்கே நம்பிக்கை வரல."

மார்லேனுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. பதினெட்டு ஆண்கள் ஒரேயடியாகத் தங்கள் சாப்பாட்டை ஆராயத் தொடங்கினார்கள்.

கடைசியில் லுஸியேன்தான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காரு. முனையில இரும்பு புடிக்கலங்கறே. எதனாலன்னு தெரியுமா?"

"முனை ஆறிப்போயிருக்கு. இடைவெளி அடையல. அதுவரைக்கும் தெரியும்."

"சட்டத்துக்கு இரும்ப நடுவுலேர்ந்து ஊத்தறோம். முனைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஆறிடும். முனைலேர்ந்து ஊத்தணும். இத நாங்க பத்து வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம்."

"யார்கிட்ட?"

லுஸியேன் யோசித்தார். "எங்களுக்குள்ளதான்" என்றார்.

யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு அறை முழுக்கச் சிரித்தது. மார்லேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு பென்சிலைத் தேடினாள். ரொஸேர் தன் காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். லுஸியேன் கிண்ணத்தைத் தள்ளிவைத்து, மேசைமேல் விரலால் ஒரு கரிக்கட்டியை வரைந்து, பள்ளம் எங்கே, சட்டம் எங்கே, இரும்பு எந்தப் பக்கமாக ஓடும் என்று காட்டினார்.

"இத உன் கம்ப்யூட்டர்ல என்னன்னு போட்டு வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் ஒண்ணும் போடல."

"அப்ப எழுதிக்கோ" என்றார் லுஸியேன்.